இல்லை என்றால் இல்லைதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், "ஆன்மிகத் தேவை இல்லாத மனிதரே கிடையாது, இல்லை என்பவர்கள் அதை இன்னும் உணரவில்லை, அவ்வளவுதான்" என்று ஒரு கட்டுரை. என் மனைவிக்கு என்ன தேவைப்பட்டது என்பது, 44 வருஷம் கூடவே குடித்தனம் செய்த எனக்குத் தெரியாமல் போய், உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கிறது. மகிழ்ச்சி.

போன வருஷம் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் ஒரு மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவில் 19 நாள் இருந்தார். சேர்த்த அன்றே ஒரு படிவம். வலி, தூக்கம், பசி என்று கட்டம் கட்டமாகப் போய்க் கடைசியில் 'ஆன்மிகத் தேவைகள்'. "இல்லைன்னு போட்டுக்கம்மா" என்றார். மறுநாள் பார்க்கிறேன், 'இல்லை'யை அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'மறுப்பு நிலையில் இருக்கிறார்' என்று எழுதியிருக்கிறது. கேட்டால், ஆன்மிகத் தேவையையும் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதாம். சொல்லியிருக்கிறது, தெரியும். 1967-ல் லண்டனில் கடைசிக் கட்ட நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், வலி உடம்போடு நிற்பதில்லை என்றதும் தெரியும். சரிதான். வேண்டுமா என்று கேட்பது வைத்தியம். வேண்டாம் என்றவருக்கு அதையே ஒரு நோயாக எழுதிவைப்பது என்னவாம்?

அவருக்கு வேண்டியிருந்தது நாலு மணி நேரத்துக்கொரு தரம் வலிக்கு மார்ஃபின் மாத்திரை. அது கொடுக்கும் மலச்சிக்கலுக்கு மருந்து. மொட்டைமாடிச் செம்பருத்திக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்ற தகவல். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய்க் கீற்றை நாக்கில் வைத்து எடுத்தால் போதும், விழுங்க முடியாது. இதுவும் ஆன்மிகமே என்பார் கட்டுரையாளர். பூவை ரசிப்பது, பேரனைக் கொஞ்சுவது எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார். அப்படியானால் பசிக்கு இட்லி தின்பதையும் சேர்த்துக்கொள்ளலாமே.

எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டமே வந்துவிட்டது, 1980-ல் எங்களைப் பார்த்து "எந்தக் கோயில்ல கட்டினீங்க?" என்றார் ஓர் அலுவலர். விருப்பமில்லாதவர்கள் பள்ளியில் சாதி, மதம் குறிப்பிட வேண்டியதில்லை என்று 1973-லேயே அரசாணை. மகளைச் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் 'இந்து' என்று எழுதிவிட்டு, "சும்மா இருக்கட்டும் சார்" என்றார். 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் என்று பதிவானவர்கள் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல். அவர்களும் இன்னும் உணரவில்லை போலும்.

பக்தர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என் அக்கா வருஷா வருஷம் சமயபுரத்துக்கு நடந்தே போகிறவர். திரும்பி வந்ததும் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிடுவது நான்தான். உனக்கு உண்மையில் இது தேவையில்லை என்று ஒருநாளும் நான் அவரிடம் சொன்னதில்லை.

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மனைவி மறைந்தபோது உங்கள் பத்திரிகைக்குத்தான் விளம்பரம் கொடுத்தேன். 'மறைந்தார்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் 'இறைவனடி சேர்ந்தார்' என்று வந்தது. கூடுதலாக ஒரு வரி ஓடி, அதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கினீர்கள். அன்றிருந்த நிலையில் சண்டை போடத் தெம்பில்லை.

அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவுநாள். விளம்பர வாசகத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். மொத்தம் நாலு வரி. தயவுசெய்து நாலு வரியாகவே போடவும்.

தங்கள் 31 ஆண்டு வாசகன்,
திருவெறும்பூர்