பனகல் பூங்காவில் எத்தனை அடி மண்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெட்ரோ சுரங்க நிலையப் பணிக்காகச் சென்னை தி.நகர் பனகல் பூங்காவில் எடுத்த இடம் மறுபடி பூங்காவாகும்போது, செயற்கை நீரூற்று, செல்ஃபி பலகை என்று பணம் போய்விடக் கூடாது. பாண்டி பஜாரில் பைகளோடு அலைந்தவர்களும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களும் காசு கொடுக்காமல் நிழலில் உட்காரும் இடம் அது. அந்த நிழலைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

சுரங்க நிலையத்தின் கான்கிரீட் கூரைக்கு மேல் ஒன்றரை அடி மண் கொட்டினால் புல்லும் குரோட்டன்ஸும்தான் வரும். வேம்பு, புங்கன், மகிழம் ஊன்றி நிற்க ஐந்தடியாவது தேவை. குறைந்தால் வேர் பக்கவாட்டில் ஓடும், பெருங்காற்றில் மரம் அடியோடு சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களைச் சென்னை மறந்திருக்காது. மண்ணுக்கு அடியில் ஜல்லியும் வடிகால் குழாயும் வேண்டும். இல்லாவிட்டால் நீர் தேங்கி வேர் அழுகிவிடும். ஜல்லிக்கு மேல், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்காவிட்டால் சில மழைக்காலங்களிலேயே மண் இறங்கி அடைத்துக்கொள்ளும். தி.நகரே பழைய ஏரிப் படுகை என்பதால் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

நடைபாதைக் கல்லை மரத்தடி வரை ஒட்டிப் பதிக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணைத் திறந்து விடும்படி 2013இலேயே டெல்லிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

இருக்கை விஷயம் சிறியதல்ல. முதுகுச் சாய்வில்லாத கிரானைட் பலகையில் வயதானவர்களால் பத்து நிமிடம் உட்கார முடியாது. ஒன்றரை அடி உயரம், சாய்மானம், ஊன்றி எழக் கைப்பிடி மூன்றும் இருக்கட்டும். நேர் வரிசையில் போடாமல் இரண்டிரண்டாக மூலை சேர்த்துப் போட்டால்தான் முகம் பார்த்துப் பேச முடியும். 1967இல் திறந்த நியூயார்க்கின் பேலி பூங்கா இரண்டு கிரவுண்டுகூட இல்லை. நகர்த்திப் போட்டுக்கொள்ளும் நாற்காலியும் மர நிழலும் இருப்பதால் அங்கே ஆள் சேருகிறது.

பைக்கைத் தடுக்க வைக்கும் வளைகம்பி சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். ஒரு வாசலிலாவது 90 செ.மீ. திறப்பும், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளமும், ஒரு காவலாளியும் தேவை. நண்பகலில் பூங்காவைப் பூட்டவே கூடாது. நிழல் தேவைப்படுவதே அப்போதுதான்.

நனைந்த மண் கன மீட்டருக்கு இரண்டு டன் வரை எடை இருக்கும். கூரை எவ்வளவு தாங்கும், அதன் மேல் எத்தனை அடி மண் வரும் என்பதை வரைபடத்தோடு பூங்கா வாசலில் இப்போதே ஒட்டும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டக்கலை, கட்டடக்கலைத் துறையினர் சிலர்,
தியாகராய நகர், சென்னை