மகள் தேடியது பாட்டியின் நோயை

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கணினி அறையில் சோதனைக்காகப் போட்டிருக்கும், தகாத தளங்களைத் தடுக்கும் இணைய வடிகட்டி மென்பொருளை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிரந்தரமாக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பாட்டிக்கு என்ன ஆகுமோ என்ற கவலையில் அந்த நோயின் பெயரை ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறாள். திரை முழுக்கச் சிவந்து, 'தகாத தளம்' என்று எழுத்து வந்தது. பக்கத்தில் இருந்த பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவள் பெயர் பதிவேட்டில் ஏறி, மறுநாள் விசாரணை வேறு. வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவே இல்லை. "நான் என்னம்மா தப்புச் செய்தேன்?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து, ஆசிரியரின் அனுமதியோடு அதே கணினியில் நானே உட்கார்ந்தேன். தெருச்சண்டையில்கூடக் காது கூசும் ஒரு வார்த்தையைத் தமிழில் அடித்தேன். ஒரு தடையும் இல்லை. பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. ஆசிரியர்தான் அவசரமாக மூடினார். ஆங்கிலச் சொற்களுக்குக் காவல் நிற்கும் அந்த மென்பொருளுக்கு நம் பிள்ளைகளின் மொழியே தெரியவில்லை.

இது புதிய கோளாறும் அல்ல. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது. ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் இருந்தன. 2013இல் பிரிட்டனின் பெரிய இணைய நிறுவனங்கள் வீடுகளுக்கு வடிகட்டி கொடுத்தபோது, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையம் ஒன்றின் தளமும் அடைபட்டது. 'இப்படித் தொடுவது சரியா' என்று தேடி 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டிய குழந்தை நம் பள்ளியிலும் இருக்கலாம். அந்தத் தேடலும் அடைபட்டால்? எனக்கு அதுதான் பெரிய பயம்.

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆபாசம் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. அமெரிக்காவில், அரசு உதவி பெறும் நூலகங்களுக்கு வடிகட்டியைக் கட்டாயமாக்கிய 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2003இல் ஏற்றது. பெரியவர்கள் கேட்டால் நூலகர் தடையை எடுத்துவிடலாம் என்று வழி இருந்ததும் அதற்கு ஒரு காரணம். நம் பள்ளியில் அப்படித் திறந்துவிட யார் இருக்கிறார்கள்? கணினி ஆசிரியரிடம்கூடக் கடவுச்சொல் இல்லை. விற்ற நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம்.

தடுக்கும் சொற்களின் பட்டியலைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியை அதைப் பார்க்கட்டும். தடையை நீக்கும் அதிகாரம் பள்ளிக்குள்ளேயே ஒருவரிடம் இருக்கட்டும். சிவப்புத் திரை வந்த பிள்ளையிடம் முதலில் 'என்ன தேடினாய், கண்ணு?' என்று கேளுங்கள். பதிவேட்டில் இருக்கும் என் மகளின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்