நடைபாதைக்காக ஏரியின் வாயை அடைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக்கு முன்னேற்பாடாக மழைநீர் வடிகால்கள் தூர்வாரப்படும் செய்தியைப் படித்தேன். வடிகால் வேண்டியதுதான். ஆனால் தென்சென்னையின் மழையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிப் பிடித்தவை ஏரிகள். ஓர் ஏரி நிரம்பினால், மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பரவி, ஒக்கியம் மடு, பக்கிங்காம் கால்வாய் வழியே கோவளம் கழிமுகத்தை அடையும். அந்தச் சதுப்பு நிலத்தில் எஞ்சியிருக்கும் சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததில் மனம் நிறைந்தது. அதற்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகளை யார் கவனிக்கிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி ஏரியில் மேம்பாட்டுப் பணி நடந்தது. கரையிலிருந்த பூவரச மரங்களை வெட்டினார்கள். சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி, சிமென்ட் கல் பதித்து நடைபாதை போட்டார்கள். வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் ஒற்றைக் குழாய் மட்டும் வைத்தார்கள். பிளாஸ்டிக் பைகள் சேர்ந்து அதுவும் அடைத்துக்கொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது என் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் தட்டுத்தடுமாறிக் கரைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஏரியில் இன்னும் இரண்டடி இடம் இருந்தது! எங்கள் தெருத் தண்ணீரோ போக வழியில்லாமல் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றது. வயிறு எரிந்தது.

கோடையிலும் இழப்புதான். முன்பு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கரை மர நிழலில் ஒதுங்குவார்கள். இப்போது மாலை ஆறு மணிக்கும் அந்தக் கல் சுடுகிறது. கோரையும் சம்பும் மண்டிய சரிவில் குஞ்சு பொரித்த தாழைக்கோழிகளையும் காணோம்.

நடைப்பயிற்சிக்கு நான் எதிரியல்ல, நானும் நடப்பவள்தான். பாதை மண்பாதையாக, கரையின் வெளிப்புறம் மரங்களுக்கு நடுவே இருக்கட்டும். உட்புறம் சரிவான மண் கரையாகவே இருக்கட்டும். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் வரத்துக் கால்வாய் எவ்வளவு அகலமோ, அவ்வளவு அகலத்துக்கு அந்தச் சுவரைத் திறந்துவிட வேண்டும். அக்டோபர் மழைக்கு முன் இந்த ஒன்றையாவது செய்து தாருங்கள் என்று உரிய அதிகாரிகளைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தென்சென்னை