ஆசிரியர் கையிலுள்ள குறிப்பேடு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற பெற்றோர் சந்திப்பில் ஒரு தாயார் கேட்டார்: "பிள்ளைங்க விளையாடும்போது டீச்சர் பக்கத்துல உக்காந்து என்னமோ எழுதிக்கிட்டே இருக்காங்களே, அந்த நேரத்துல நாலு எழுத்து சொல்லிக் கொடுக்கலாமே?" நியாயமான கேள்வி. அன்று நின்று பேச நேரமில்லை. அதனால் இந்தக் கடிதம்.

அந்தக் குறிப்பேடுதான் எங்கள் ஆராய்ச்சி. கே1 பாலர் வகுப்பின் தமிழாசிரியர் போன தவணையில், தாம் கதை வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டார். அவர் கேட்டதெல்லாம் "இது என்ன?", "என்ன நிறம்?" என்ற கேள்விகளே. பிள்ளைகளின் பதில் ஒற்றைச் சொல், அதிலும் பாதி ஆங்கிலம். பிறகு "யானை ஏன் அழுவுது?" என்று கேட்டுவிட்டு, அவசரப்படாமல் காத்திருக்கத் தொடங்கினார். மூன்றாம் வாரம், தமிழ் வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுவன் சொன்னான்: "அதோட அம்மா வேலைக்குப் போயிட்டாங்க." அந்த ஒரு வாக்கியத்தை அவர் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறார். சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழில் வாய் திறக்க வகுப்பறையே முதல் இடம். எழுத்து அதன்பின் வரட்டும்.

பலனை உடனே எதிர்பார்க்கவும் கூடாது. 1962இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 123 ஏழைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் 58 பேருக்குப் பாலர் பள்ளி. ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கும் போனார்கள். அறிவுத்திறன் சோதனையில் கிடைத்த முன்னேற்றம் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. அத்தோடு விட்டிருந்தால் "வீண் செலவு" என்றே முடிந்திருக்கும். ஆய்வாளர்கள் விடவில்லை. 40 வயதில் பார்த்தபோது, மற்றவர்களைவிட அந்த 58 பேரில் கூடுதலானோர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

ஆனால் அது வேறு ஊர், வேறு சூழல். நம் பிள்ளைகளைப் பற்றி இங்கேயே ஆராய வேண்டும். 2009இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'கஸ்டோ' (GUSTO) ஆய்வில் 1,200க்கும் மேற்பட்ட சீன, மலாய், இந்தியத் தாய்மார்கள் கர்ப்பக் காலத்திலேயே சேர்ந்தார்கள். ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்ததற்கும், ஒன்பது வயதில் கவனத்தை நிலைநிறுத்தத் தடுமாறுவதற்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. திரை மட்டுமே காரணம் என்று அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆயினும் சாப்பாட்டு வேளையில் கைப்பேசி வேண்டாமே என்று நான் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

அடுத்த வாரம் பிள்ளையின் பையில் ஓர் ஒப்புதல் படிவம் வரும். கதை நேர உரையாடலைப் பதிவு செய்ய உங்கள் அனுமதி வேண்டும். பதிவை ஆசிரியர்கள் மட்டுமே கேட்பார்கள்; குறிப்பில் பெயர் இருக்காது. விருப்பமில்லையென்றால் கையெழுத்திட வேண்டாம், பிள்ளை வழக்கம்போல் கதை கேட்கும். படிவத்தின் பின்பக்கத்தில், வீட்டில் பிள்ளை எப்போது, யாரிடம், எதைப் பற்றித் தமிழில் பேசுகிறது என்று இரண்டு வரி எழுதித் தாருங்கள். தாத்தா பாட்டி எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்