ஒன்றரை மணி நேரம் என்பது வாகைக்குளம் வரைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள்: “திருநெல்வேலிக்கு பிளேன்ல எவ்வளவு நேரம்?” நெல்லையில் விமான நிலையம் கிடையாது. நமக்கு வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம்தான். அதை விட்டால் மதுரை, இல்லை திருவனந்தபுரம். இரண்டுமே ஏறக்குறைய 150 கி.மீ.

சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு நேர்கோட்டில் பார்த்தால் 530 கி.மீ. அளவில்தான் வரும். ஏடிஆர் எனும் சிறிய புரொப்பல்லர் விமானம் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. சென்னையிலிருந்து நெல்லைக்கு ரயில் பாதை சுமார் 650 கி.மீ. 2023 செப்டம்பரில் ஓட ஆரம்பித்த வந்தே பாரத்துக்கே எட்டு மணி நேரம் பக்கமாக ஆகிறது. அதனால் அவசரம் என்றால் எல்லோரும் விமானத்தைத்தான் பார்க்கிறோம்.

போன மாதம் என் அம்மாவை சென்னையில் கண் ஆபரேஷன் முடித்துக் கூட்டிவந்தேன். ரயிலின் ஆட்டம் வேண்டாமே என்றுதான் விமானம். வாசலில் நின்ற வாடகைக் கார்களில் பாளையங்கோட்டைக்குக் கேட்ட தொகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. சரி, மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் பிடிப்போம் என்று நடந்தோம். நெல்லை பஸ்கள் வந்தன. எல்லாம் இடைநில்லாப் பேருந்துகள், கை காட்டக் காட்டப் போய்க்கொண்டே இருந்தன. அம்மா பச்சைத் துணி கட்டிய கண்ணோடு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “எய்யா, பிளேன்ல வந்த நேரத்தைவிட இங்க நிக்க நேரம் கூடல்லா இருக்கு” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு லோடு ஆட்டோக்காரர்தான் இரக்கப்பட்டு கேடிசி நகர் வரை ஏற்றிவந்தார்.

2025 ஜூலையில் அங்கே புது முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். பெரிய ஜெட் விமானங்களும் இறங்கலாம். நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஜெட் வந்தால் ஆகாயத்தில் மிச்சமாவது கால் மணி நேரம் இருக்குமா? விமானம் வந்து இறங்கும் நேரத்துக்கு வாசலில் ஒரு பஸ் நின்றால், அங்கிருந்து நெல்லைக்கு வரும் 30 கி.மீ. சொச்சத்தில் ஒரு மணி நேரமே மிச்சமாகும். அம்பாசமுத்திரம், தென்காசி போகிறவர்களுக்கு நெல்லையிலிருந்து மேலும் ஒரு பயணம் இருக்கிறது. ராத்திரி விமானத்தில் வருகிறவர்களுக்கு அங்கிருந்து ஊருக்குக் கடைசி பஸ் கிடைக்க வேண்டாமா?

போக்குவரத்துக் கழகம் இதை யோசிக்க வேண்டும். குளிர்சாதன பஸ் வேண்டாம், சாதா பஸ் போதும். நெல்லை ஜங்ஷனில் கிளம்பி வண்ணார்பேட்டை, பாளை, கேடிசி நகர் வழியாக வந்து முனைய வாசல் வரை உள்ளே போய்த் திரும்பட்டும். விமான நேரம் மாறும்போது பஸ் நேரமும் மாற வேண்டும். அப்புறம், பெட்டி வைக்கக் கொஞ்சம் இடம் விட்டால் நல்லது. அதுவரைக்கும், தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் ஓடும் இடைநில்லாப் பேருந்துகள் வாகைக்குளம் விலக்கில் ஒரு நிமிடம் நின்று போகச் சொன்னாலே போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.