கடல் உள்ள போகுமெண்டு பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

சுனாமி நினைவு நாளுக்கு உங்கட பேப்பரில வந்த கட்டுரையை தரம் 7 படிக்கிற என்ர மகள்தான் எங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினவள். அதில ஒரு இடத்தில "முதலில் கடல் உள்வாங்கும், அதைக் கண்டவுடன் ஓடிவிட வேண்டும்" எண்டு இருந்தது. பள்ளிக்கூடத்திலயும் இதைத்தானாம் சொல்லிக் குடுக்கினம். ஐயா, நான் கண்ட கடல் அப்படிச் செய்யேல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், எழுத்துப்பிழை இருந்தா நீங்களே திருத்திப் போடுங்கோ.

எனக்கு அப்ப 19 வயசு. வீடு முல்லைத்தீவில சிலாவத்தைப் பக்கம், கரையில இருந்து கூப்பிடு தூரம். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள், போயா வேற. அப்பா முத்தத்து வேம்புக்குக் கீழ இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தவர். கடல் இரைஞ்சது, ஆனா வாடைக்குக் கடல் இரையிறது எங்களுக்குப் புதுசே, ஒருத்தரும் கணக்கெடுக்கேல்ல. பிறகு பாத்தா தண்ணி அலை மாதிரி மடிஞ்சு விழவும் இல்லை ஒண்டுமில்லை, முழுக் கடலும் அப்படியே உயர்ந்து பனைக்கு நடுவால நடந்து வாற மாதிரி வந்தது, கறுப்புத் தண்ணி. அதுக்கு முன்னால கடல் உள்ள போனதை நான் காணேல்ல, பக்கத்தில நிண்டவையும் காணேல்ல. "கடல் வருது, கடல் வருது" எண்டு கத்தினதுதான், சுனாமி எண்ட சொல்லே எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஓடி ஓடி தண்ணீரூற்று எண்ட ஊரில ஆற்றையோ வீட்டுத் திண்ணையில குந்தினாப் பிறகுதான் பாத்தம், அப்பாவின்ர கையில வலை ஊசி அப்படியே இருக்கு, அறுந்த நூல் ஒரு முழம் தொங்குது.

முதல் வந்த தண்ணி வத்தினவுடன கரை வெறுமையாக் காஞ்சு கிடந்ததாம். உடுப்பெடுக்க, ஆக்களைத் தேட எண்டு திரும்பிப் போனவை கனபேர். எங்கட பெரியம்மாவும் அப்படிப் போனவாதான், அடுத்த அலையோட சரி. அந்தக் காஞ்ச கரையைக் கண்டவையின்ர கதையும் தாய்லாந்தில எடுத்த வீடியோக்களும் சேர்ந்துதான் "முதல்ல உள்வாங்கும்" எண்ட கதை இஞ்சயும் ஊறிப்போச்செண்டு நினைக்கிறன்.

பிறகு நானாத் தேடி வாசிச்சதில விளங்கினது இதுதான். சுமாத்திராவுக்கு மேற்கால, பூமியின்ர மேலோட்டுத் துண்டுகளில ஒண்டான இந்தியத் தகடு பர்மாத் தகட்டுக்குக் கீழ புதையிற இடத்தில, கிட்டத்தட்ட 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்து 9.1 அளவில நிலநடுக்கம் வந்திருக்கு. அதில கடலின்ர அடி எங்கட பக்கம், அதாவது மேற்குப் பக்கம், மேல தூக்கினது, கிழக்குப் பக்கம் பதிஞ்சது. அதால தாய்லாந்துக்குப் பள்ளம் முதல்ல போய்ச் சேர்ந்து கடல் உள்ள போனது, எங்களுக்கு மேடு முதல்ல வந்தது. எல்லா இடத்திலயும் எல்லாத் தரமும் இப்படித்தான் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா அந்தப் பக்கத்தால திரும்ப ஒண்டு வெளிக்கிட்டா எங்கட பிள்ளையள் கடல் உள்ள போகட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கக் கூடாது.

இன்னொண்டு. நிலம் ஆடினது கொழும்பு நேரம் காலமை 6.58க்கு. எங்களுக்கு 6.28, அப்ப புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில கொழும்புக்கு அரை மணித்தியாலம் பிந்தின பழைய நேரம்தானே. எங்கட வீட்டில தேத்தண்ணி கூட ஆடேல்ல. தண்ணி வரக் கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலம் இருந்தது ஐயா! ஹவாயில இருக்கிற சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்துக்குள்ள நிலநடுக்கத்தைக் கண்டுபிடிச்சு அறிவிச்சும் இந்து சமுத்திரத்தின்ர ஆழ்கடல்ல சுனாமி அலையைப் பாக்கிற கருவியும் இல்லை, எங்களுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. சுமாத்திராவுக்குப் பக்கத்தில சிமெலுவே எண்டு ஒரு தீவு இருக்கு, 1907இல வந்த அலையைப் பற்றி கிழவியள் பேரப்பிள்ளையளுக்குச் சொல்லிச் சொல்லி வந்தபடியா நிலம் ஆடினவுடன "ஸ்மோங்" எண்டு கத்திக்கொண்டு சனம் மலைக்கு ஓடிட்டுதாம், 70 ஆயிரத்துக்கு மேல சனம் இருந்த தீவில செத்தது ஏழு பேர்தான். அவைக்கு நிலம் ஆடிக் காட்டினது, எங்களுக்கு அதுவும் இல்லை. எங்களுக்குக் கடல் உயருறதும் போனில வாற செய்தியும்தான்.

அந்தச் செய்தியையும் இப்ப ஆக்கள் நம்பினமில்லை. 2012 சித்திரையில 8.6 எண்டு அறிவிச்சு எல்லாரும் பிள்ளை குட்டியளோட ஓடி, ஒண்டும் வரேல்ல. அண்டைக்குத் தகடு பக்கவாட்டில வழுக்கினதாலதான் கடல் தூக்கேல்ல. அதை ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்ல, இப்ப எங்கட சந்தியில அதை வைச்சுப் பகிடி விடுகினம். விளங்கப்படுத்தக் கூடிய பழைய ஆக்களும் குறைவு, 2004 கடலுக்குத் தப்பினவை எத்தினை பேர் 2009 சண்டையில அதே கரையில முடிஞ்சு போச்சினம்.

அதால அடுத்த மார்கழிக்குக் கட்டுரை போடேக்க அந்த வரியைத் திருத்திப் போடுங்கோ ஐயா. முதல் தண்ணி வத்தினாலும் திரும்பிப் போகக் கூடாது எண்டதையும் பெரிய எழுத்தில போடுங்கோ. எங்கட ஒழுங்கை முடக்கில ஓடவேண்டிய பக்கத்தைக் காட்டுற போர்ட் ஒண்டு இருக்கு, கம்பம் துருப்பிடிச்சுத் திரும்பி அம்புக்குறி நேரா கடலைக் காட்டிக்கொண்டு நிண்டது. சொல்லவேண்டிய இடத்தில ரெண்டு தரம் சொல்லிப் பாத்தன். பிறகு நானும் மகளும் போய் கட்டுக்கம்பியால இழுத்து வீதிப் பக்கம் பாக்கக் கட்டிவிட்டிருக்கிறம். வாடைக் காத்துக்கு நிக்குமோ தெரியாது.

இப்படிக்கு,
வாசகன் ஒருவன்,
சிலாவத்தை, முல்லைத்தீவு