சிங்கப்பூருக்கு ஐ.வி. (மாணவர்களின் தொழிலகப் பார்வைப் பயணம்) கிளம்பும் முன்: துறைத்தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் சிவில், ட்ரிபிள்-ஈ துறைத்தலைவர்களுக்கு வணக்கம்.

நான் ஓர் ஆர்.ஓ. ஆலையில், அதாவது தண்ணீரை அழுத்தத்தோடு நுண்சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆலையில், பராமரிப்புப் பொறியாளர். உங்கள் சிங்கப்பூர்ப் பயணத்திட்டங்கள் வாட்ஸ்அப் வழியாக எனக்கும் வந்து சேர்கின்றன. காலை 10 மணிக்குப் பல்கலைக்கழக ஆய்வகம், 11:30-க்கு குரூப் போட்டோ, மதியம் செந்தோசா கேளிக்கைத் தீவு. செந்தோசா இருக்கட்டும், பிள்ளைகள்தானே. ஆய்வகத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்பதுதான் உறுத்துகிறது.

தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021-ல் தொடங்கிய 60 மெகாவாட் மிதக்கும் சூரிய மின் நிலையத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். அதற்கு முன்பே, 2016-ல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வு நிலையமான செரிஸ் அங்கே சோதனைத் தளம் போட்டு, வெவ்வேறு வகை மிதவை அமைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. எந்த மிதவை தளர்ந்தது, எந்தப் பேனல் அதிகம் சூடேறியது, பறவை எச்சத்தை யார் கழுவினார்கள்? மாணவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிலையத்துக்குப் போனால், பளபளக்கும் புது மெம்பிரேனை (ஆர்.ஓ.வின் அந்த நுண்சவ்வுச் சுருளை) பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஓடிக் களைத்த மெம்பிரேன் ஒன்றை அறுத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். எங்கள் ஆலையில் அப்படி அறுத்துத்தான் நோயைக் கண்டுபிடிப்போம். ஒரு குழாய்க்குள் மெம்பிரேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். முதல் மெம்பிரேன் என்றால் பெரும்பாலும் பழுப்பாக, கைக்கு வழுவழுவென்று, பாசி நாற்றத்தோடு இருக்கும், கிருமிப் படலம். கடைசி மெம்பிரேனில் விரலால் தேய்த்தால் வெள்ளையாக நறநறக்கும், உப்புப் படிவு. ஒரே தண்ணீர்தான், உள்ளே போகப் போக உப்பின் அடர்த்தி ஏறுகிறது. இதை ஒரு தடவை தொட்டுப் பார்த்த பையனுக்கு அப்புறம் பவர்பாயின்ட் தேவையில்லை. வேலைக்குச் சேரும் புதியவர்களிடம் நான் தேடுவதும் இந்தப் பரிச்சயம்தான். கிடைப்பது சான்றிதழ்.

இன்னொன்று. விமானம் ஏறுவதற்கு முன் சென்னைக் கோயம்பேட்டுக்கு அழைத்துப் போங்கள். கழிவுநீரை அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் (நுண்வடிகட்டல்), ஆர்.ஓ. வழியாகச் சுத்திகரிக்கும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நிலையம் அங்கே 2019 முதல் ஓடுகிறது. தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் சிங்கப்பூரின் நியூவாட்டரும் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குத்தான். ஆனால் வறட்சி வந்தால் நீர்த்தேக்கத்தில் கலந்து குடிநீராகவும் ஆக்குகிறார்கள். கோயம்பேட்டுத் தண்ணீர் ஏன் அந்த அடுத்த படிக்குப் போகவில்லை? கோயம்பேட்டைப் பார்த்த மாணவர்தான் இதைச் சிங்கப்பூரில் கேட்பார். விமானக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளும் இந்தப் பாதிப் பயணத்தில் சேர்ந்துகொள்ளலாம். அவர்களைப் பற்றி எந்தப் பயணத்திட்டத்திலும் ஒரு வரிகூட இல்லை.

ஆய்வகங்களுக்கு எழுதும்போது மாணவர் எண்ணிக்கையோடு கேள்விகளையும் இணைத்து, மூன்று மாதம் முன்னாலேயே அனுப்புங்கள். பயணத்துக்கு முந்தின வாரம் ஏஜென்ட் அனுப்பும் மின்னஞ்சலுக்கு எந்த ஆராய்ச்சியாளரும் அரை நாள் ஒதுக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஓர் ஆலைப் பொறியாளர்